வேலையை விட்டுவிட்டு எம்.எம்.ஏ. ஃபைட்டர் ஆகலாமா? ஒரு ஐந்தொகை

[காட்சி: காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அதன் மேல் நீலப் பாய்கள்.]

வணக்கம். போன வாரம் பயிற்சி முடிந்து பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பள்ளத்தூரிலிருந்து வருகிற தம்பி ஒருவன் கிளம்பாமல் அப்படியே நின்றான். இருபத்தொரு வயது, செல்போன் கடையில் வேலை, ஒன்றரை வருடமாக ஒரு நாள் தவறாமல் வருகிறவன். "அண்ணே, வேலையை விட்டுட்டு முழுசா இதுல இறங்கிடவா? யு.எஃப்.சி. வரைக்கும் போயிடலாம்ல?" என்றான். எம்.எம்.ஏ.வில் உலகத்திலேயே பெரிய மேடை, அமெரிக்காவின் யு.எஃப்.சி., அதைத்தான் சொல்கிறான். எனக்கு உடனே பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்டா" என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததைத்தான் இந்த வீடியோவில் சொல்கிறேன். இதே கேள்வியை தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் எனக்கு அனுப்புகிற எல்லாத் தம்பிகளுக்கும் சேர்த்துத்தான்.

எம்.எம்.ஏ., அதாவது மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ், என்றால் என்ன என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குத்து, உதை, முழங்கால், முழங்கை, மல்யுத்தப் பிடி, தரையில் கழுத்து நெரிப்பு, கைப்பூட்டு எல்லாம், கூண்டுக்குள் நடக்கிற ஒரே ஆட்டத்தில். 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் முதல் யு.எஃப்.சி. நடந்தபோது எடைப் பிரிவே கிடையாது, ஒரே இரவில் எட்டுப் பேர் மோதி ஒருவர் மிஞ்சவேண்டும். மிஞ்சியவர் ராய்ஸ் கிரேசி, அங்கே வந்தவர்களில் ஒல்லியானவர்களில் ஒருவர். தரையில் படுத்துக்கொண்டே பெரிய ஆளைத் தோற்கடிக்கலாம் என்று உலகம் அன்றைக்குத்தான் பார்த்தது. இப்போது விதிகள் நிறைய. ஐந்து நிமிட ரவுண்டு மூன்று, சாம்பியன் பட்டத்துக்கு ஐந்து, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, நான்கு அவுன்ஸ் கிளவுஸ், மூன்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். இது போதும், விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: கபடி ஆட்டம், ரெய்டர் காலைப் பிடித்துச் சாய்க்கிறார்கள்.]

நம் பக்கம் பிள்ளைகளுக்குத் தைரியத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தை மாதம் சிராவயல் பொட்டலில் காளைக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இந்தத் தொழிலுக்குத் தேவை ஏதாவது ஒரு கலையில் ஆழமான அடித்தளம். உலகத்தில் மேலே வந்தவர்கள் பெரும்பாலும் மல்யுத்தம், ஜூடோ, குத்துச்சண்டை, தாய்லாந்து பாக்சிங், சீனாவின் வூஷு என்று ஒன்றைச் சின்ன வயதிலிருந்து செய்தவர்கள். நம் நாட்டு எம்.எம்.ஏ. வீராங்கனை ரிது போகட் ஹரியானா மல்யுத்தக் குடும்பம். பூஜா தோமர் வூஷுவிலிருந்து வந்தவர், 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில்லில் ஜெயித்து, யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். நம்மூரில் கராத்தே உண்டு, சிலம்பம் உண்டு, மல்யுத்தம் இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: கபடி. தொடைப் பிடி, கணுக்கால் பிடி, இடுப்புப் பிடி மூன்றும் எம்.எம்.ஏ.வில் ஆளைத் தரைக்குக் கொண்டுவருகிற பிடிகளுக்கு அண்ணன் தம்பி. என்னிடம் வருகிறவர்களில் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவன் கபடிக்காரன்தான். அவனுக்கு ஒரே சிக்கல், கபடியில் ஆள் விழுந்ததும் வேலை முடிந்துவிடும், இங்கே அப்போதுதான் வேலை ஆரம்பிக்கும். விழவைத்துவிட்டு எழுந்து நின்று என்னைப் பார்ப்பான். அந்தப் பழக்கம் போக ஆறு மாதம் ஆகிறது.

சரி, படிகள். நம் வீடுகளில் பெரியவர்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடைத் தொழில் பார்க்க, போன கதை கேட்டிருப்பீர்கள். எடுத்தவுடன் யாரும் மேலாள் ஆகவில்லை. பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, வட்டிக் கணக்குப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் கடைப் பொறுப்பு. இந்தத் தொழிலும் அப்படித்தான். முதலில் அமெச்சூர். காசு கிடையாது, காலுக்கு ஷின் கார்டு உண்டு, முழங்கையால் அடிக்கக் கூடாது, மூன்று நிமிட ரவுண்டு. இங்கே ஐந்தாறு ஆட்டமாவது ஆடவேண்டும். 2026-இல் ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிப் பட்டியலில் எம்.எம்.ஏ. முதல்முறையாக இடம்பெற்றிருப்பதால், அமெச்சூருக்கே இனி ஒரு மரியாதை வரும் என்று நான் நம்புகிறேன். அதற்கடுத்து உள்நாட்டு புரொஃபஷனல் மேடைகள். 2012-இல் சூப்பர் ஃபைட் லீக் தொடங்கியது, 2019-இல் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட் வந்தது. அங்கே தொடர்ந்து ஜெயித்தால்தான் வெளிநாட்டுக் கதவு.

அந்தக் கதவைத் தாண்டியவர்களில் ஒருவரைப் பாருங்கள். உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்லி. ராணுவ அதிகாரி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஆசிய அளவில் யு.எஃப்.சி. நடத்திய தேர்வுத் தொடரில், 2023 பிப்ரவரி இறுதிப் போட்டியில் இரண்டாவது ரவுண்டில் ஜெயித்து ஒப்பந்தம் வாங்கினார். அதே வருடம் அக்டோபரில் அபுதாபியில் மூன்றாவது ரவுண்டில் நாக்அவுட் ஆனார். அடுத்த ஆட்டம் 2025 பிப்ரவரியில், சிட்னியில். பத்தொன்பது விநாடியில் தோல்வியில் முடிந்துவிட்டது. அவர் திறமையைக் குறை சொல்லவில்லை, அந்த இடத்துக்குப் போனவர்கள் இந்த நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நான் காட்டவருவது தேதிகளை. இரண்டு வருடத்தில் மூன்று ஆட்டம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் பதினாறு மாதம். ஆட்டம் இல்லாத மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஃபைட்டர் மாதச் சம்பளக்காரர் இல்லை, கூண்டுக்குள் போனால்தான் காசு.

[காட்சி: கணக்கு நோட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.]

இரண்டு நாள் கழித்து தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன்ப்பா, அடி வாங்குனா காசு குடுப்பாகளா, அடிச்சா குடுப்பாகளா?" இதைவிடச் சரியான கேள்வியை இந்தத் தொழிலைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. இரண்டுக்கும் கொடுப்பார்கள், அப்பத்தா. கூண்டுக்குள் வந்ததற்கு ஒரு தொகை, ஜெயித்தால் அதே அளவு இன்னொரு தொகை. ஆட்டங்களைக் கண்காணிக்கிற அமெரிக்க மாநிலக் கமிஷன்கள் சில வெளியிட்ட கணக்குகளில், யு.எஃப்.சி. புதுமுகங்களுக்கு 10,000 டாலர் கூட்டல் 10,000, அல்லது 12,000 கூட்டல் 12,000 என்று பார்த்திருக்கிறோம்.

தோற்றுவிட்டான் என்று வைத்துக்கொண்டு ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போடுவோம். வரவு 12,000 டாலர், பத்து லட்ச ரூபாய்க்கு மேல், கேட்க நன்றாக இருக்கிறது. ஆட்டம் அமெரிக்காவில் என்றால் வெளிநாட்டுக்காரருக்கு 30 சதவீதம் வரிப் பிடித்தம், 3,600 போயிற்று. மேனேஜருக்குப் பத்து சதவீதம் என்று வையுங்கள், 1,200. கோச்சுக்கும் ஜிம்முக்கும் சேர்த்து இன்னொரு 1,200. மிச்சம் 6,000, சரிபாதி. அதிலிருந்துதான் ஆட்டத்துக்கு முன்னால் எட்டு வாரமோ பத்து வாரமோ பாலியிலோ தாய்லாந்திலோ போட்ட முகாமின் அறை வாடகை, சாப்பாடு, பிசியோ எல்லாவற்றையும் கழிக்கவேண்டும். அப்படி ஒரு ஆட்டம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஜெயித்தால் நிலைமை வேறு, நல்ல ஆட்டத்துக்கு யு.எஃப்.சி. பல வருடங்களாக 50,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்துவந்தது, ஒரே இரவில் வாழ்க்கை மாறியவர்கள் உண்டு. ஆனால் அதை வரவில் எழுதிவைத்துக்கொண்டு வேலையை விடக் கூடாது.

யு.எஃப்.சி. கம்பெனிக்கு வருகிற வருமானத்தில் ஃபைட்டர்களுக்குப் போவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது, பழைய ஃபைட்டர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் போட்ட வழக்கில்தான் ஊருக்கே தெரிந்தது. அந்த வழக்கு 375 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்து, 2025-இல் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கூடைப்பந்தில் என்.பி.ஏ. வீரர்களுக்குப் போவது ஏறக்குறைய பாதி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் படித்துப்பார், புரியாவிட்டால் வக்கீலிடம் கொடு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். எத்தனை ஆட்டம், எத்தனை மாதத்துக்குள், வேறு மேடையில் ஆடலாமா, தோற்றால் யார் எப்போது ஒப்பந்தத்தை முறிக்கலாம், இதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும்.

இனி எடை. இதைப் பற்றி நான் நிறைய பேசப்போகிறேன், ஏனென்றால் நானே பட்டிருக்கிறேன்.

என் சாதாரண எடை 67 கிலோ. பேன்டம்வெயிட் என்கிற எடைப் பிரிவுக்கு 61.2-க்குள் வரவேண்டும். ஆறு வாரத்தில் சோற்றைக் குறைத்து நான்கு கிலோ இறக்கிவிட்டேன். மிச்சம் தண்ணீர்தான். கடைசி ஐந்து நாள் உப்பு இல்லை, கடைசி நாள் தண்ணீரும் இல்லை. வெளியூரில் ஒரு லாட்ஜ், பாத்ரூமில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஆவியில் உட்காருவேன், அப்புறம் இரண்டு ஜெர்க்கின் போட்டு மேலே போர்வை. முதலில் வியர்வை கொட்டும். மூன்றாவது தடவைக்கு மேல் அதுவும் வராது, தோல் காய்ந்த வாழைச்சருகு மாதிரி ஆகிவிடும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு வராது. எழுந்து நின்றால் கண் இருட்டும். கொண்டுபோன எடை மெஷினில் 61.1 காட்டியது. அங்கே போய் ஏறினால் 61.5. இரண்டு மெஷினுக்கும் நடுவில் 400 கிராம். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், ஓடினேன், காலை எடுத்துவைக்கவே முடியாமல் ஓடினேன். எடை சரியாகிவிட்டது. மறுநாள் இரண்டாவது ரவுண்டில் கையைத் தூக்கவே முடியவில்லை. எதிராளி என்னைத் தோற்கடித்தான் என்று ஊரில் சொன்னேன். உண்மையில் நான் லாட்ஜ் பாத்ரூமிலேயே தோற்றுவிட்டேன்.

நான் பிழைத்து வந்து பேசிக்கொண்டிருக்கிறேன். 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்கிற ஆசிய எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தே போனார். வயது 21. அதன் பிறகு அந்த அமைப்பு தண்ணீரை வடித்து எடை குறைப்பதையே தடைசெய்து, எடை பார்க்கும்போது சிறுநீரைச் சோதித்து உடம்பில் நீர் போதுமா என்று பார்க்கிற முறையைக் கொண்டுவந்தது. மற்ற மேடைகள் பலவற்றில் இன்றும் பழைய வழிதான். தம்பி, உன் சாதாரண எடை 68. 65.8 ஃபெதர்வெயிட்டில் ஆடு. 61.2 பக்கம் போனால் நான் உனக்குக் கோச்சாகக் கூண்டு மூலையில் நிற்க மாட்டேன், இதைக் கேமரா முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது தலை. கூண்டுக்குள் நாக்அவுட் ஆனால் கமிஷன் டாக்டர் 30 நாள், 60 நாள், சில சமயம் 90 நாள்கூட ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார். ஜிம்முக்குள் அப்படி எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நினைவு தப்பி விழுந்த பையன் புதன்கிழமை ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, ஆடியதை என் கண்ணாலேயே ஓரிடத்தில் பார்த்தேன். எந்த இடம் என்பது முக்கியமில்லை, யாரும் அவனைத் தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பதினைந்து நிமிட ஆட்டம் ஒன்றுக்காக ஜிம்மில் நூற்றுக்கணக்கான நிமிடம் தலையில் அடி வாங்குகிறோம். தொடர்ந்து அடிபட்ட மூளைக்கு வருகிற சி.டி.இ. நோயை ஆள் இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும், அதற்கு முன்னால் மறதியும் கோபமுமாக வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். யு.எஃப்.சி. முன்னாள் சாம்பியன் மேக்ஸ் ஹாலோவே ஒருகட்டத்தில் கடுமையான ஸ்பாரிங்கையே விட்டுவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகுதான் 2024 ஏப்ரலில் யு.எஃப்.சி. 300-இல், கடைசி ரவுண்டின் கடைசி விநாடியில் ஜஸ்டின் கேத்ஜியை நாக்அவுட் செய்தார். அதனால்தான் இங்கே வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஸ்பாரிங், அதுவும் தலைக்கு மெதுவாக. "அண்ணே, இது என்னண்ணே தடவிக்கிட்டு" என்று முறைக்கிறவர்கள் முறைக்கட்டும்.

எத்தனை வருடம் ஆடலாம்? சின்ன எடைப் பிரிவுகளில் முப்பத்தைந்தைத் தாண்டினால் வேகம் குறைந்துவிடும். இருபத்து மூன்றில் புரொஃபஷனல் ஆனால், காயம் போக, நல்ல வருடங்கள் எட்டோ பத்தோ. பிறகு கோச் ஆகலாம், சொந்த ஜிம் போடலாம், நான் இப்போது பகலில் ஒரு வேலையும் மாலையில் இந்தப் பாயும் என்று இருப்பது போல இருக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன் தம்பி. வேலையை இன்றைக்கு விடாதே. காலை ஐந்தரைக்கு வா, கடை பத்து மணிக்குத்தானே திறக்கிறது. இந்த வருடம் இரண்டு அமெச்சூர் ஆட்டம், அடுத்த வருடம் மூன்று. அதற்குள் தரை ஆட்டத்தில் உன்னை யாரும் சுலபமாக மடக்க முடியாத நிலைக்கு வந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் எடுத்து வை, மருத்துவக் காப்பீடு போடு. ஐந்து அமெச்சூர் ஆட்டம் முடிந்து, இரண்டு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் பணமோ ஸ்பான்சரோ இருந்தால், அன்றைக்கு நானே உன் முதலாளியிடம் வந்து பேசுகிறேன். பெங்களூரிலோ டெல்லியிலோ நல்ல ஜிம்மில் உன்னைக் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை மாலை அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு வா. அந்த 12,000 டாலர் கணக்கை நோட்டில் போட்டு வைத்திருக்கிறேன், அவரிடம் நானே வரி வரியாகப் படித்துக் காட்டுகிறேன்.