பண்ணைப் பங்கில் வரும் கோடைக் காய்களை எப்படிச் சமைப்பது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மாசசூசெட்சில் வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டுதான் முதன்முறையாக அருகிலுள்ள பண்ணை ஒன்றில் சி.எஸ்.ஏ. (சமூக ஆதரவு வேளாண்மை) பங்கு வாங்கியிருக்கிறார்கள்; அதாவது, பண்ணைக்கு முன்பணம் கட்டிவிட்டு விளைச்சலில் ஒரு பங்கைப் பெறும் ஏற்பாடு. ஜூன் மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு பெட்டி வருகிறதாம். அதில் வெள்ளரிக்காய்போல் இருக்கும் சுக்கினியும், பெயர் தெரியாத கீரைகளும், "பச்சைப் பந்துக்குக் கைகால் முளைத்தாற்போல ஒரு காயும்" இருக்கின்றனவாம். அடுத்த பெட்டி வருவதற்குள் பாதி அழுகிவிடுகிறதாம். "பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டு, கேட்ட காய் வராத இந்த ஏற்பாடு நியாயமா? வருவதை நம் சமையலில் எப்படிச் சேர்ப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986இல் உங்கள் மாசசூசெட்சிலும் அண்டையிலுள்ள நியூ ஹாம்ப்ஷயரிலும் இருந்த இரண்டு பண்ணைகளில்தான் அமெரிக்காவில் இந்த முறை தொடங்கியது. விதைக்கும் நாற்றுக்கும் கூலிக்கும் பணம் தேவைப்படும் பருவத்திலேயே நீங்கள் அதைக் கொடுத்துவிடுகிறீர்கள். விளைந்தால் விளைச்சலிலும், மழை கெடுத்தால் இழப்பிலும் உங்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே, நிலம் அந்த வாரம் கொடுப்பதுதான் பெட்டியில் வரும்.

பெட்டி வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரம்தான் முக்கியம். பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் இலைகளை உடனே அறுத்துத் தனியே எடுத்து வையுங்கள்; விட்டுவைத்தால் அவை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி, இரண்டும் சேர்ந்து வாடிவிடும். தக்காளியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், மணம் போய்விடும். சோளக்கதிர் பறித்த நேரத்திலிருந்தே இனிப்பு குறைந்து மாவாகிக்கொண்டிருக்கும் என்பதால், அதை அன்றைக்கே வேகவைத்துவிடுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பச்சைப் பந்து வேறொன்றுமில்லை, நம் ஊர்ச் சந்தைகளில் விற்கும் நூல்கோல்தான். தோலை நார் போகும்வரை தடிமனாகச் சீவிவிட்டு, சாம்பாரிலோ குருமாவிலோ போடுங்கள், கூட்டாகவும் வைக்கலாம். சிவப்பும் மஞ்சளுமாகத் தண்டுள்ள கீரை சார்ட். அதுவும் பீட்ரூட்டும் ஒரே இனச் செடிகள்; நம் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் இவற்றுக்கு உறவுதான். ஆகவே தண்டைப் பொடியாக நறுக்கி முதலில் வேகவிட்டு, அது முக்கால் பதம் வந்தபின் இலையைச் சேர்த்து, பூண்டும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கடைந்தால் போதும். வீட்டில் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இருந்தால் மட்டும் இந்தக் கீரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிச் சுக்கினிக்கு வருவோம். ஜூலை பிறந்துவிட்டால் அது வருவது நிற்காது. நான் முதன்முதலில் அதைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் மூன்று விசில் விட்டுவிட்டு, திறந்து பார்த்தபோது துண்டு ஒன்றுகூட இல்லை. சாம்பாரின் மேல் பச்சைத் தோல்கள்தான் மிதந்தன. அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர் என்பதை மறந்துவிட்டு, அதைக் கத்தரிக்காயைப் போல நடத்தியதுதான் என் பிழை. அது பீர்க்கங்காய், சுரைக்காய் குணமுள்ள காய். கூட்டு வைப்பதானால், பாசிப்பருப்பைத் தனியே கெட்டியாக வேகவைத்துக்கொண்டு, துண்டுகளைச் சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமல் அதில் இட்டால், தானே நீர் விட்டு ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். பொரியலுக்கு வாயகன்ற வாணலியை நன்றாகச் சூடாக்கி, மூடாமல் வதக்கி, இறக்கும் நேரத்தில் உப்பைப் போடுங்கள். முன்னமே போட்டால் பொரியல் குழம்பாகிவிடும். தோலைப் பீர்க்கங்காய்த் தோல்போலவே உளுத்தம்பருப்பு, புளி, மிளகாயோடு வதக்கித் துவையல் அரைக்கலாம்; என்னைக் கேட்டால், அந்தக் காயின் சிறந்த பகுதியே அதுதான். முழங்கை நீளத்துக்கு முற்றியது வந்தால், விதையை வழித்தெடுத்துவிட்டு, துருவி அடை மாவில் கலந்துவிடுங்கள். சுக்கினியே பிடிக்காது என்கிற குழந்தைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சுரைக்காயை நறுக்குமுன் நம் அம்மாக்கள் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா, சுக்கினிக்கும் அதைச் செய்யுங்கள். மிகுந்த கசப்பு இருந்தால் அது நஞ்சு. வேகவைத்தாலும் போகாது, அப்படியே குப்பையில் போட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்தபின்னும் மிஞ்சுகிறது என்றால், பெட்டி வாங்கும் இடத்தில் மாற்றுக் கூடை ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பல பண்ணைகளில் வேண்டாத காயை அதில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் கொஞ்சம் முன்னதாகப் போனால், மற்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுப்போன நூல்கோலும் முள்ளங்கிக் கீரையும் அங்கே கிடைக்கும்.