எல்லாரும் கரைசேர வேண்டும்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, படிப்பகத் தலைவர் அண்ணன் அவர்களே, விடுமுறை நாளிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, மீனவர் கூட்டுறவுச் சங்கப் பெரியவர்களே, தாய்மார்களே, பந்தலுக்குக் கால் நட்ட தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கச் செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி. அந்தப் பொன்னாடையை நம் படிப்பகத்துக்கே திருப்பித் தருகிறேன்.

வீடியோ கேமில் நல்ல முடிவை அடைவது எப்படி என்பதுதான் இன்றைய தலைப்பு. மூன்று விஷயம் பேசப்போகிறேன். பாத்திரங்களின் உயிரை எடைபோடுவது எப்படி, பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஆடலாம், தமிழில் இப்படி ஒரு விளையாட்டு எப்போது வரும். மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான் கிடக்கிறது: வெள்ளம் வருமுன் அணை போடு.

பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2010இல் வெளிவந்த மாஸ் எஃபெக்ட் 2 என்ற விளையாட்டை இங்கே பல தம்பிகள் ஆடியிருப்பீர்கள். ஷெப்பர்ட் ஒரு தளபதி. நார்மண்டி என்ற கப்பலில் ஆள் சேர்த்துக்கொண்டு, போனவர் யாரும் திரும்பாத இடத்துக்குப் போகவேண்டும். கடைசிப் போரில் எல்லாரும் சாகலாம், ஷெப்பர்ட் உட்பட. எல்லாரும் பிழைத்துத் திரும்பவும் வழி இருக்கிறது. கப்பலுக்குக் கனத்த கவசம் போடாமல் கிளம்பினால் போகிற வழியிலேயே ஒருவர் போய்விடுவார். ஒவ்வொருவரின் மனக்குறையையும் முன்கூட்டியே தீர்த்து வைக்காவிட்டால், போர்க்களத்தில் அவர் கவனம் சிதறும். குழாய்க்குள் ஊர்ந்து போய்க் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும் என்றதும் ஜேக்கப் முன்வருவார். துணிச்சல்காரர்தான், ஆனால் அந்த வேலை தெரிந்தவர் டாலி. பிரியத்தைப் பார்த்து ஆள் அனுப்பினால் பிணம் விழும், வேலை தெரிந்தவரை அனுப்பினால் ஆள் திரும்பும்.

என் அக்கா மகன் இதை ஆடும்போது நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். பக்கத்தில் அவன் தாத்தா உட்கார்ந்திருந்தார். ஆழ்கடலில் சுறாத் தூண்டில் போட்டு வளர்ந்த மனிதர். பேரன் திரையைப் பார்க்கிறான், அவர் பேரனைப் பார்க்கிறார். கதையில் ஒரு கட்டம் வரும். எதிரிகள் புகுந்து கப்பல் பணியாளர்களை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நம்ம பையன் உடனே பின்னால் போகவில்லை. பாக்கி இருந்த சில்லறைப் பணிகளை முடிக்கப் போனான்.

“ஆளுவள எங்கல?”

“பிடிச்சிட்டுப் போயிட்டான் தாத்தா. இன்னும் ரெண்டு சோலி கெடக்கு, முடிச்சிட்டுப் போவேன்.”

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். “ஆளக் காணலன்னு தெரிஞ்ச பெறவு ஒனக்கு என்னல வேற சோலி? எஞ்சின எடுல!”

பையன் கேட்கவில்லை. இரண்டு பணியை முடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் கண்ணாடிக் கூண்டுக்குள் கரைந்து போயிருந்தார்கள். விளையாட்டின் கணக்கே அதுதான். உடனே போனால் எல்லாரும் பிழைப்பார்கள். ஒன்று முதல் மூன்று பணி தாமதித்தால் பாதிப் பேர் போவார்கள். அதற்கும் மேல் போனால் டாக்டர் சாக்வாஸ் ஒருவர்தான் மிஞ்சுவார். பெரியவர் திண்ணைக்குப் போய்விட்டார். அன்று அவர் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஏன் சாப்பிடவில்லை என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். 2017 நவம்பர் 30 நம் வீடுகளில் எல்லாருக்கும் நினைவிருக்கும் தேதி. ஓகி புயல் வந்தபோது நம் குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பிள்ளைகள் வாரக்கணக்குத் தொழிலுக்காகக் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தார்கள். வயர்லெஸ் எட்டாத தூரம். எச்சரிக்கை அவர்களைச் சேரவில்லை. தேடிப் போன படகுகளில் நம் ஆட்களே இருந்தார்கள், நம் டீசலே எரிந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தவனுக்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிர்க்கணக்கு. வெள்ளம் வருமுன் அணை போடு என்று அன்றைக்கும் எல்லாரும் சொன்னார்கள், வெள்ளம் வந்து போன பிறகு.

தம்பிமார்களே, நீங்கள் கவசம், ஆள், நேரம் என்று மூன்றையும் எடைபோட்டு ஆடுகிறீர்கள். அந்தப் புத்தி இந்த ஊருக்கு வேண்டும். நம் கரையிலேயே ஹெலிகாப்டர் இறங்கும் மீட்புத் தளம், ஒவ்வொரு விசைப்படகிலும் செயற்கைக்கோள் தொலைபேசி, கடல் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு மீட்புப் படையில் வேலை, இவற்றைத்தான் நம் மனு கேட்கிறது. டாலியை அனுப்பு என்று விளையாட்டு சொல்வதும் இதைத்தான். நீரோட்டம் தெரிந்தவனை ஏற்றாமல் எந்தக் கப்பல் தேடப் போனாலும் தண்ணீரைத்தான் பார்த்துவிட்டு வரும்.

மற்ற இரண்டு விஷயங்களுக்கு நேரமில்லை, தலைமை ஆசிரியை பேச இருக்கிறார்கள். ஆட்சியரிடம் கொடுக்கவேண்டிய மனு படிப்பக வாசல் மேசையில் இருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை போடுவோம். கையெழுத்துப் போட்டுவிட்டு, படகு எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். கடலுக்குப் போயிருப்பவர்களுக்காக வீட்டுப் பெண்கள் போடலாம். நன்றி, வணக்கம்.