வயிறு சிறுத்தது, கைக்குத் தெரியவில்லை

வணக்கம். எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் நான். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை, அப்போது நான் மயக்கத்தில் இருந்தேன். அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் செய்தது ஸ்லீவ் முறை. இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த அந்தப் பகுதியில்தான் சுரக்கும், அதனால் முதல் சில மாதங்கள் எனக்குப் பசி என்பதே மறந்துபோனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பசிக்காமல் சாப்பிடுவது ஒரு வேலை! ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் உள்ளே போக வேண்டும், ஒன்றரை லிட்டர் தண்ணீர், அதுவும் மடக்கு மடக்காக, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவே கூடாது, முடித்து அரை மணி நேரம் ஆகட்டும் என்பார்கள். பாட்டிலும் கையுமாகவே அலைந்தேன்.

நீராகாரம், கூழ் எல்லாம் தாண்டி ஐந்தாவது வாரம் ஒரு அவித்த முட்டை. பாதி முடிந்ததும் மூக்கு ஒழுகியது. சளி போல என்று துடைத்துவிட்டு இன்னொரு வாய் போட்டேன். அவ்வளவுதான், நெஞ்சுக்கு நடுவே கல் உட்கார்ந்த மாதிரி அடைத்துக்கொண்டு, வாயெல்லாம் நுரையாக எச்சில் ஊற, வாஷ்பேசினுக்கு ஓடினேன். அந்த மூக்கு ஒழுகல்தான் எனக்குப் 'போதும்' என்ற சொல். சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல். வயிறு சிறுத்துவிட்டது, ஆனால் இத்தனை வருஷமாக அவசர அவசரமாக அள்ளிப் போட்ட கைக்கு அதை யார் சொல்வது? சின்ன ஸ்பூனுக்கு மாறினேன், ஒவ்வொரு வாய்க்கும் அதைக் கீழே வைத்தேன்.

நான்காவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, அழுதேன். வேகமாக எடை குறைந்தால் அப்படித்தான், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். எனக்கு முளைத்தது. வைட்டமின் மாத்திரைகளை மட்டும் ஆயுசுக்கும் விடக் கூடாது. வாந்தி ஓயாமல் தொடர்ந்தால் சரியாகிவிடும் என்று வீட்டிலேயே கிடக்காதீர்கள். பி1 வைட்டமின் தீர்ந்து நரம்பைப் பாதிக்கும், உடனே டாக்டரிடம் போங்கள்.

சரி, கடைசியாக ஒன்று. குடலையும் மாற்றிவைக்கும் பைபாஸ் செய்துகொண்ட சிநேகிதி ஒருத்தி, இனிப்பைத் தொட்டால் கால் மணி நேரத்தில் வியர்த்து, படபடத்துப் படுத்துவிடுவாள். "உனக்காவது வயிறு திட்டுகிறது, எனக்கு அதுகூட இல்லை" என்பேன். ஐஸ்கிரீம் என் வயிற்றில் வழுக்கிக்கொண்டு இறங்கும், மூக்கு வாயே திறக்காது. இரண்டாம் வருஷம் ஏறிய நான்கு கிலோ அப்படி வந்ததுதான்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே போகும்போது, பழைய வழக்கப்படி மூச்சை இழுத்துப் பிடித்துப் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தேன். பின்னால் வந்த என் தங்கை, கையில் தட்டோடு, நேராக நடந்து வந்தாள். அவள் என்னைவிடக் குண்டு.