சோப்பு கட்டிய தேன்கூடு

நேயர்களுக்கு வணக்கம். முறுக்குப் பிழிய முதலில் அச்சு வேண்டும், மாவு பிறகுதான். இன்று நான் சொல்லப்போவது தேன்கூடு போல நுண்துளைகள் நிறைந்த சிலிகாவைப் பற்றி; சிலிகா என்பது மணலில் இருக்கும் அதே பொருள். இதில் அச்சும் மாவும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் உருவாகின்றன.

அச்சாவது சிடிஏபி என்றொரு வெள்ளைத் தூள். சோப்பைப் போல நுரைக்கும். தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரில் இருப்பது இதன் நெருங்கிய உறவு. மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டமுள்ள ஒரு தலை, பதினாறு கார்பன் நீளத்தில் ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால் தண்ணீரில் கரைத்ததும் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு கூட்டமாகச் சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் மைசெல்.

காரம் சேர்த்து, கலக்கிக்கொண்டே சிலிகா தரும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். தெளிந்த நீர் சில நிமிடங்களில் பால்போல் வெளுக்கும். எத்தனையோ முறை பார்த்தாயிற்று; இன்றும் அந்த நேரத்தில் குடுவையை விட்டு என் கண் அகலாது. அந்தத் திரவத்திலிருந்து உருவாகும் எதிர்மின்னூட்டமுள்ள சிலிகேட் மைசெல்லின் தலைகளில் போய் ஒட்டுகிறது. அதுவரை ஒன்றையொன்று தள்ளிய தலைகள் நெருங்குகின்றன. மைசெல்கள் நீண்ட குச்சிகளாகி அறுகோண வரிசையில் அடுக்கிக்கொள்ள, இடையில் சிலிகா இறுகிச் சுவராகிறது. வடிகட்டி, உலர்த்தி, 550 டிகிரி செல்சியஸ் உலையில் வைத்தால் சிடிஏபி எரிந்துபோகும். குச்சி இருந்த இடமெல்லாம் துளை.

மோபில் எண்ணெய் நிறுவன ஆய்வாளர்கள் 1992இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட எம்சிஎம்-41 இதுதான். துளையின் அகலம் சுமார் 4 நானோமீட்டர்; ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். ஒரு கிராம் தூளுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது ஏழு கபடி ஆடுகளங்களுக்கும் மேல்! வாலைக் குட்டையாக்கினால் துளையும் சிறுக்கும்.

அடுக்கு முன்பே தயாராக இருந்து, சிலிகா அதற்குள் புகுந்ததோ என்றும் முதலில் எண்ணினார்கள். ஆனால் தானாக அப்படி அடுக்கிக்கொள்ளும் அளவுக்குக் கரைசலில் சிடிஏபி இருப்பதில்லை. சிலிகேட் வந்த பிறகே அடுக்கு அமைகிறது.

சுவர் மட்டும் மெலிசு. ஒரு நானோமீட்டர்தான்; கொதிநீரில் நிற்காது. 1998இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் டாங்யுவான் ஜாவோவும் கேலன் ஸ்டக்கியும் குழுவினரும் அமிலக் கரைசலில், பி123 என்ற பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறை, அச்சாக்கி எஸ்பிஏ-15 என்ற இன்னொரு துளைச் சிலிகாவைச் செய்தார்கள். சுவர் 3 முதல் 6 நானோமீட்டர். அந்த பாலிமரை எரிக்கவும் வேண்டியதில்லை. எத்தனாலில் கொதிக்கவைத்துப் பிரித்தெடுத்தால் மறுபடி பயன்படும். நல்ல சிடிஏபியை உலையில் எரித்துப் புகையாக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கேட்பதில்லை.