இறங்குதளத்துக்குக் கீழே

அவைத்தலைவர் அவர்களுக்கும், இங்கே கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், இளைய நண்பர்களுக்கும் என் வணக்கம்.

ஹெலிகாப்டர்களைச் சுமந்து சென்று கடலில் இயக்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட போர்க்கப்பல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவற்றைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இதில் எத்தனை ஹெலிகாப்டர்கள் நிற்கும்?" அந்த எண்ணை வைத்தே ஒரு கப்பலை உயர்த்துகிறோம், மற்றொன்றைத் தாழ்த்துகிறோம், பிறகு விமானந்தாங்கிக் கப்பலின் பக்கத்தில் நிறுத்தி, இது அதன் சிறிய பதிப்பு என்று முடித்துவிடுகிறோம். இந்த அளவுகோல் தவறானது என்பது என் உறுதியான கருத்து. இன்று வந்திறங்கிய ஹெலிகாப்டரை நாளையும் மறுநாளும் பறக்கவைக்கும் திராணி அந்தக் கப்பலுக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்கான விடையை மேல்தளத்தைக் காட்டும் புகைப்படத்தில் தேடிப் பயனில்லை. தளத்துக்குக் கீழே இறங்கிப் பார்த்தால்தான் கிடைக்கும்.

1943 மே மாதத்தில், அமெரிக்காவின் லாங் ஐலண்டை ஒட்டிய கடற்பகுதியில், ஓர் எண்ணெய்க் கப்பலின் தளத்தில் சிகோர்ஸ்கியின் எக்ஸ்.ஆர்-4 ஹெலிகாப்டரைக் கர்னல் ஃபிராங்க் கிரெகரி இறக்கிக் காட்டினார். அதே போர்க்காலத்தில் ஜெர்மானியர்களும் கோலிப்ரி என்ற தங்கள் சிறிய ஹெலிகாப்டரைப் போர்க்கப்பலில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் ஹெலிகாப்டர் இறங்க முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கொந்தளிக்கும் கடலில், இருட்டில், நாள்தோறும் இறங்க முடியுமா என்பதற்கு விடை காண இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்த இறக்கத்தைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். மூவாயிரம் டன் எடையுள்ள ஒரு சிறிய போர்க்கப்பலின் பின்தளம்; நேரம் இரவு. ஹெலிகாப்டர் பின்னாலிருந்து நெருங்கி, கப்பலின் இடப்பக்கத்தில், கப்பலின் வேகத்திலேயே அதனோடு சேர்ந்து நகர்கிறது. கீழே தளம் இடமும் வலமுமாகச் சாய்கிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, அதோடு மொத்தமாக எழுந்து தாழவும் செய்கிறது. தளத்துக்கு முன்னால் சுவர்போல் நிற்கும், ஹெலிகாப்டரை உள்ளே நிறுத்தும் கொட்டகையைத் தாண்டி வரும் காற்று அதன் பின்புறம் சுழன்று கீழ்நோக்கி இழுக்கிறது. விமானி ஆடும் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதன் ஆட்டத்துக்கெல்லாம் தாமும் ஈடுகொடுக்க முயன்று தடுமாறிவிடுவார். ஆகையால் கொட்டகையின் மேல் பொருத்தப்பட்டிருக்கும், கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் தான் சாயாத ஒளிக்கோட்டைப் பார்க்கிறார். ஒளிரும் கோல்களை ஏந்திய தள அதிகாரி கை காட்டுகிறார். அலைகளுக்கு இடையே தளம் சில நொடிகள் அடங்கும். அந்த நொடிகளுக்குள் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் நகர்ந்து தளத்தின் மேல் வந்து அமர்ந்தாக வேண்டும். அமர்ந்ததும், தலைக்கு மேல் இறக்கைகள் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே, நான்கைந்து மாலுமிகள் குனிந்து ஓடி வந்து அதைத் தளத்தோடு பிணைக்கிறார்கள்.

இந்தச் சில நொடிகளை நம்பகமானவையாக மாற்றிய பெருமையில் பெரும்பங்கு கனடியக் கடற்படைக்கு உரியது. ஏறத்தாழ ஒன்பது டன் எடை கொண்ட சீ கிங் ஹெலிகாப்டரைத் தங்கள் சிறிய நாசகாரிக் கப்பல்களில் வைத்துக்கொள்ள அவர்கள் முடிவு செய்தபோது, அது நடக்காத காரியம் என்று எண்ணியவர்கள் பலர். அவர்கள் உருவாக்கிய கருவிக்குக் 'கரடிப்பொறி' என்று பெயர். 1963-இல் அசினிபோயின் என்ற கப்பலில் அது சோதிக்கப்பட்டது. அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரிலிருந்து ஒரு கயிறு இறங்கும். பறக்கும் இயந்திரத்தில் சேர்ந்துவிடும் நிலைமின்சாரம் தாக்கிவிடாதபடி, தளத்து மாலுமி முதலில் ஒரு கோலால் அதைத் தொட்டு மின்சாரத்தைக் கப்பலுக்குள் இறக்கிவிடுவார். பிறகே கப்பலின் எஃகுக் கம்பியை அதனோடு இணைப்பார். கம்பியை ஒரே இழுவிசையில் கப்பல் பிடித்து இழுக்க, ஹெலிகாப்டர் நேராகப் பொறியின் மேல் வந்தமரும். எஃகுத் தாடைகள் அதன் அடியில் நீண்டிருக்கும் கோலைக் கவ்விக்கொள்ளும். அந்தப் பொறியே தண்டவாளத்தில் நகர்ந்து ஹெலிகாப்டரைக் கொட்டகைக்குள் இழுத்துச் செல்லும். பிரிட்டனின் லிங்க்ஸ் ஹெலிகாப்டர் வேறு வழியில் சென்றது. அதன் வயிற்றிலிருந்து நீளும் கொக்கி தளத்தில் பதித்த துளையிட்ட எஃகுத் தட்டைப் பற்றும். இறக்கைகளின் கோணத்தை மாற்றி, விசையைக் கீழ்நோக்கிச் செலுத்தித் தன்னைத் தானே தளத்தோடு அழுத்திக்கொள்ளவும் அதனால் முடியும். கடலறிந்தவர்கள் வடித்த இத்தகைய கருவிகளை ஏவுகணைகளுக்கு நிகராக மதிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இறங்கியாயிற்று, இனிமேல்தான் கப்பலுக்கு வேலை. இறக்கைகளை மடிக்க வேண்டும், வால்பகுதியை மடிக்க வேண்டும், கொட்டகைக்குள் தள்ள வேண்டும். உப்புக்காற்று இயந்திரத்தை நாளுக்கு நாள் அரிக்கும் என்பதால், கப்பலில் அருமையான நன்னீரைச் செலவிட்டு அதைக் கழுவ வேண்டும். எரிபொருளும் வேறு. ஜே.பி.-5 எனப்படும் கடற்படை எரிபொருள் 60 பாகை செல்சியஸுக்குக் கீழே தீப்பற்றும் ஆவியைத் தராது. பயணிகள் விமான எரிபொருளுக்கு இந்த வரம்பு 38 பாகைதான். இரும்புச் சுவர்களுக்குள் தீ என்றால் என்ன என்று அறிந்தவர்கள் அந்த வேறுபாட்டுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைக் குறைசொல்ல மாட்டார்கள். பெரிய கப்பல்களில், பறப்பு தொடங்குமுன் மாலுமிகள் தோளோடு தோள் சேர வரிசையாகத் தளத்தில் நடந்து, கிடக்கும் ஆணியையும் கம்பித்துண்டையும் கண்ணால் தேடிப் பொறுக்குகிறார்கள். இயந்திரத்துக்குள் ஓர் ஆணி போனால் போதும்.

இடம் என்பது எவ்வளவு அரிய பொருள் என்பதை 1975 ஏப்ரல் இறுதியில், தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது, அதற்கு வெளியே கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்கள் காட்டின. தப்பி வந்த தென்வியட்நாமிய ஹெலிகாப்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்க, அடுத்தது இறங்க இடம் வேண்டுமே என்று, முன்னே இறங்கியவற்றை மாலுமிகள் கூடிக் கடலில் தள்ளினார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இக்கப்பல்கள் இரண்டு வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. ஒன்று நீர்மூழ்கி வேட்டை. ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்று, நீருக்குள் ஒலியைக் கொண்டு தேடும் சோனார் கருவியைக் கேபிளில் கட்டிக் கடலுக்குள் இறக்கும்; மேல்நீரின் வெப்பஅடுக்குக்குக் கீழே பதுங்கியிருக்கும் நீர்மூழ்கியைக் கேட்கும்; பின் தூக்கிக்கொண்டு வேறிடம் போகும். நீர்மூழ்கியின் டார்பிடோவால் அதைத் தொட முடியாது. இதற்காகவே சோவியத் கடற்படை 1967-இல் மாஸ்க்வா கப்பலைச் சேர்த்தது: முன்பாதி ஏவுகணைகள், பின்பாதி இறங்குதளம், பதினான்கு கா-25 ஹெலிகாப்டர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு இறக்கைத் தொகுதிகள் இருந்ததால் கா-25-க்கு வால்விசிறி தேவைப்படவில்லை. குட்டையான உடல் கொட்டகைக்குள் கச்சிதமாக அடங்கியது. எனினும் மாஸ்க்வாவும் லெனின்கிராதும் ஆக இரண்டோடு அந்த வகை நின்றுபோனது.

மற்றொன்று, படைவீரர்களைக் கரையேற்றுவது. 1956 நவம்பர் 6-ஆம் நாள், சூயஸ் போரில், ஓஷன், தீசியஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து 45-ஆம் கமாண்டோ படையினர் சுமார் நானூறு பேர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போர்ட் சயீதில் இறக்கப்பட்டார்கள். கப்பலிலிருந்து எழுந்த ஹெலிகாப்டர்கள் போர்க்களத்தில் படையை இறக்கியது வரலாற்றில் அதுவே முதல்முறை. அந்தப் போரின் நியாயத்தை நான் ஏற்கவில்லை; ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் கப்பல் வடிவமைப்பை மாற்றியது என்பதை மறுக்க முடியாது. ஐந்தாண்டுகள் கழித்து, 1961-இல், இப்பணிக்கென்றே அடித்தளத்திலிருந்து வடிவமைத்துக் கட்டிய முதல் கப்பலான ஐவோ ஜிமா அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. 1970 ஏப்ரல் 17-இல் அப்போலோ 13-இன் மூன்று விண்வெளி வீரர்களைக் கடலிலிருந்து மீட்டு வந்ததும் அதே கப்பல்தான்.

ஹெலிகாப்டர்களை இழந்தால் என்ன ஆகும் என்பதை, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போர் கற்றுக்கொடுத்தது. 1982 மே 25-இல் அட்லாண்டிக் கன்வேயர் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை எக்சோசெட் ஏவுகணைகள் தாக்கின. போருக்கென்று கட்டப்படாத அக்கப்பலில் நான்கு சினூக் ஹெலிகாப்டர்கள் இருந்தன. அன்று பறந்துகொண்டிருந்த ஒன்று மட்டும் தப்பியது. ஆறு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்களும் எரிந்தன. அதன் விளைவாக, பறந்து செல்ல வேண்டிய வீரர்களில் பெரும்பகுதியினர் முதுகில் மூட்டையோடு குளிரிலும் சேற்றிலும் தீவின் குறுக்கே நடந்து போனார்கள்.

ஹெலிகாப்டரால் எல்லாம் ஆகும் என்ற எண்ணமும் அடிவாங்கியிருக்கிறது. 2014-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த அமெரிக்கா என்ற கப்பலிலும் அடுத்து வந்த திரிபோலியிலும், படகுகள் நீந்தி வெளியேறும் பின்புற நீர்த்தளத்தை நீக்கிவிட்டு, கொட்டகையையும் எரிபொருள் கிடங்கையும் பெரிதாக்கினார்கள். கனரக டாங்கியையும் பெரிய மண்வாரி இயந்திரத்தையும் இக்கப்பல்களின் ஹெலிகாப்டர்கள் தூக்க மாட்டா. ஆகவே மூன்றாவது கப்பலான பூகன்வில்லில் நீர்த்தளம் திரும்பி வந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஹெலிகாப்டர்களும் நீர்த்தளத்து ஊர்திகளும் சேர்ந்து இயங்கியதை இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்து மேற்குக் கரையில் கண்டோம். கடற்கரைச் சாலையையே அலை அடித்துச் சென்றிருந்த ஊர்களுக்கு, போனோம் ரிச்சர்ட் போன்ற அமெரிக்கக் கப்பல்களின் ஹெலிகாப்டர்கள் குடிநீரும் உணவும் கொண்டு சென்றன. கனத்த பொருள்களை மிதவை ஊர்திகள் கரைசேர்த்தன.

இப்போது ஜப்பானைப் பாருங்கள். 2015-இல் சேர்ந்த இசுமோவும் அதன் உடன்பிறப்பான காகாவும் 248 மீட்டர் நீளமுள்ளவை. நீர்மூழ்கி வேட்டைக்கான ஹெலிகாப்டர்களுக்காகத் திட்டமிடப்பட்டவை. இன்று, செங்குத்தாக இறங்கவல்ல எஃப்-35பி போர் விமானங்களுக்காக அவற்றின் தளத்தில் வெப்பம் தாங்கும் பூச்சு பூசப்பட்டிருக்கிறது. காகாவின் முன்முனை செவ்வகமாக வெட்டித் திருத்தப்பட்டிருக்கிறது. படங்களில் அத்தளம் கம்பீரமாகத் தெரிகிறது. ஆனால் தளத்தைத் திருத்தியதால் கீழே கொட்டகையின் நீள அகலம் கூடிவிடவில்லை. ஒவ்வொரு போர் விமானமும் அங்கே நீர்மூழ்கியைத் தேடிப் போக வேண்டிய ஹெலிகாப்டரின் இடத்தில்தான் வந்து நிற்கும்.