அதே வீரர்கள்: 6 ஆட்டத்தில் 4 கோல், அடுத்த 12 ஆட்டத்தில் 28 கோல். ஓவன் காய்ல் என்ன செய்தார்?

[திரையில்: நான்கு ஸ்கோர்கள். 0-3, 0-0, 0-1, 0-3]

வணக்கம் நண்பர்களே. இது சென்னையின் எஃப்சி 2019-20 ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து சீசனில் ஆடிய முதல் நான்கு ஆட்டங்களின் கணக்கு. கோவாவிடம் தோல்வி, மும்பையுடன் டிரா, கொல்கத்தாவின் ஏடிகேவிடம் தோல்வி, பெங்களூருவிடம் தோல்வி. நான்கிலும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இதில் இரண்டு ஆட்டம் சென்னையிலேயே நடந்தது. காட்பாடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போய் மேட்ச் பார்க்கிற நம்ம ஊர் ரசிகர்கள், 180 நிமிடம் உட்கார்ந்தும் ஒரு கோலுக்குக் கை தட்டாமல் திரும்பினார்கள்.

அதே அணி அந்த சீசனை 32 கோலோடு முடித்து, இறுதிப் போட்டி வரை போனது. இடையில் மாறியது கோச். ஒரு கோச் வந்தால் அணியின் தாக்குதல் ஆட்டம் உண்மையிலேயே மாறுமா, இல்லை அதிர்ஷ்டத்துக்கு நாம் கோச்சின் பெயரை வைத்துவிடுகிறோமா என்று இந்த வீடியோவில் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

[திரையில்: ஜான் கிரிகோரி, 2018 கோப்பையுடன்]

முதலில் பழைய கோச் ஜான் கிரிகோரி. இவரைக் குறைத்துப் பேசுவது நியாயமே இல்லை. 2018 மார்ச்சில் பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று வீழ்த்தி நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அந்த இறுதிப் போட்டியில் டிஃபெண்டர் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரில் வந்த பந்தைத் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். கிரிகோரியின் அணி அப்படித்தான்: பின்னால் கெட்டியாக நிற்கும், கிடைக்கும் கார்னர், ஃப்ரீகிக்கை வீணாக்காது. ஆனால் அடுத்த சீசனில் அதே அணி 18 ஆட்டத்தில் 9 புள்ளி மட்டும் எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. அதற்கடுத்த சீசனின் தொடக்கம்தான் இப்போது திரையில் பார்த்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்தை 2-1 என்று வென்றார்கள். அந்த மேட்ச்சின் மூன்று கோல்களும் 90 நிமிடம் தாண்டிய பிறகு விழுந்தவை! ஆறாவது, 2019 நவம்பர் 28 அன்று ஒடிசாவோடு 2-2. நம் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமான அதே நாள். அந்த ஆட்டத்தோடு கிரிகோரி விலகினார்.

டிசம்பர் தொடக்கத்தில் வந்தவர் ஓவன் காய்ல். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ஆடிய காலத்தில் ஸ்ட்ரைக்கர். 2009-ல் பர்ன்லி என்ற சின்ன ஊர் கிளப்பை இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். கோல் அடித்தே பிழைத்த ஆள் கோச்சாக வந்தால் அணியை எந்தப் பக்கம் தள்ளுவார் என்று சொல்லவே வேண்டாம்.

[திரையில்: இடது பக்கம் 6 ஆட்டம், 4 கோல். வலது பக்கம் 12 ஆட்டம், 28 கோல்]

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். சந்தேகப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது, நல்ல கேள்வி. கிரிகோரியின் முதல் நான்கு ஆட்டத்தில் எதிரே நின்றது யார்? கோவா, ஏடிகே, பெங்களூரு, மும்பை. லீக் முடிந்தபோது முதல் மூன்று இடத்தைப் பிடித்தவை கோவா, ஏடிகே, பெங்களூருதான். அப்படியென்றால் கிரிகோரிக்குக் கஷ்டமான ஆட்டங்கள் முன்னால் வந்துவிட்டன, காய்லுக்கு லேசான ஆட்டங்கள் கிடைத்தன, அவ்வளவுதானே?

சரி, சோதித்துவிடலாம். அந்த ஐஎஸ்எல் சீசனில் ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை ஆட வேண்டியிருந்தது. ஆகவே கிரிகோரி சந்தித்த அதே ஆறு அணிகளைக் காய்லும் சந்தித்தார். அந்த ஆறு ஆட்டங்களை மட்டும் எடுத்து வைத்துப் பார்ப்போம்.

கோவாவோடு முன்பு 0, இப்போது 3. அந்த ஆட்டம் 3-4 என்று தோல்விதான், ஆனால் மூன்று கோல். ஏடிகேவோடு முன்பு சொந்த மண்ணில் 0, இப்போது கொல்கத்தாவுக்கே போய் 3-1 வெற்றி. பெங்களூருவோடு அப்போதும் 0, இப்போதும் 0. மும்பையோடு 0, இப்போது 1. ஹைதராபாத்தோடு 2, இப்போது 3. ஒடிசாவோடு 2 அடித்த இடத்தில் இப்போது 0. கூட்டினால் அதே ஆறு அணிகளோடு 4 கோல் அடித்தவர்கள் 10 கோல் அடித்தார்கள். மீதி 18 கோல் கேரளா, ஜாம்ஷெட்பூர், நார்த்ஈஸ்ட் அணிகளோடு வந்தவை.

ஆக, லேசான ஆட்டங்கள் கிடைத்தது உண்மை. 28 கோலில் ஒரு பங்கு அதற்குத்தான் சேரும். ஆனால் எதிரணியை மாற்றாமல் வைத்துப் பார்த்தாலும் கோல் இரண்டரை மடங்கு. இதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது இன்னொன்று: தாக்குதலைத் திறந்துவிட்டால் பின்பக்கம் ஓட்டையாகிவிடும் என்பார்கள். கிரிகோரியின் 6 ஆட்டத்தில் வாங்கிய கோல் 10, காய்லின் 12 ஆட்டத்தில் 16. ஆட்டக் கணக்கில் பார்த்தால் வாங்கிய கோலும் குறைந்திருக்கிறது.

[திரையில்: மைதானப் படம். 4-2-3-1 வரிசை]

அப்படி என்ன மாறியது? இறுதிப் போட்டிக்கு இறங்கிய வரிசையைப் பாருங்கள். முன்னால் லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ். அவருக்குப் பின்னால் பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ. பக்கங்களில் மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரியும் மிசோரமின் சாங்டேவும். நடுக்களத்தில் அனிருத் தாப்பாவும் நம் தமிழ்நாட்டு எட்வின் வான்ஸ்பாலும். எட்வின் ரைட் பேக், அதாவது வலது பக்க டிஃபெண்டராக ஆடிப் பழகியவர், அவரைக் காய்ல் நடுவுக்குக் கொண்டு வந்தார். முன்வரிசை நால்வரில் ஒருவர்கூடக் காய்ல் புதிதாக வாங்கிய ஆள் இல்லை. எல்லாரும் சீசன் தொடக்கத்திலிருந்தே அணியில் இருந்தவர்கள்.

இந்த நால்வரில் கண்ணை வைக்க வேண்டியது கிரிவெல்லாரோ மேல். பல அணிகளில் பந்து பின்னாலிருந்து கிளம்பினால் மிட்ஃபீல்டில் போய் நெருக்கிக்கொள்ளும், சாயங்காலம் லாங் பஜாரில் வண்டி மாட்டிக்கொள்கிற மாதிரி. அதை அவிழ்க்க எதிரணியின் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் ஒருவர் பந்தை வாங்க வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது, திரும்ப வேண்டும்.

[திரையில்: மெதுவாக்கிய காட்சி. ஒரு வீரரின் தலையும் தோளும் மட்டும்]

இந்த அசைவை மெதுவாகப் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு பார்வை. பின்னால் ஆள் எவ்வளவு தூரத்தில் என்று தெரிந்துவிட்டது. உடம்பு பாதி திரும்பியே நிற்கிறது. பந்தைக் கிட்டத்தில் இருக்கும் காலால் நிறுத்தாமல், தள்ளி இருக்கும் காலுக்கு ஓடவிட்டு வாங்குகிறார். முதல் தொடுதலிலேயே முகம் கோலைப் பார்த்துவிட்டது. இப்போது எதிரணி டிஃபெண்டருக்கு இக்கட்டு. முன்னால் வந்து இவரைத் தடுத்தால், அவர் விட்டு வந்த இடத்தில் வால்ஸ்கிஸ் ஓடுவார். வராமல் நின்றால் இவரே ஷாட் அடிப்பார். அதே நேரம் ஓரத்திலிருந்து சாங்டே பின்பக்கம் பாய்கிறார்.

இங்கே கோச்சின் வேலை எது? திரும்பும் திறமை கிரிவெல்லாரோவுடையது, அதைக் காய்ல் சொல்லித் தரவில்லை. ஆனால் அவர் திரும்பும் கணத்தில் மற்ற இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பந்து வந்த பிறகு கிளம்பினால் லேட். வருவதற்கு முன்பே கிளம்ப வேண்டும் என்றால், பந்து கட்டாயம் வரும் என்ற நம்பிக்கை வேண்டும். பந்து போய்விட்டால் பின்னால் பார்த்துக்கொள்ளத் தாப்பாவும் எட்வினும் இருக்கிறார்கள் என்ற தைரியமும் வேண்டும். அந்த நம்பிக்கை பயிற்சியில்தான் வரும். நான் இதைத்தான் கோச்சின் பங்கு என்று சொல்வேன்.

2020 பிப்ரவரி 1, கொச்சியில் கேரளாவை 6-3 என்று வென்ற ஆட்டம் இதற்கு நல்ல உதாரணம். கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்டே இரண்டு. ஒருவரைப் பிடித்தால் இன்னொருவர். சீசன் முடிவில் வால்ஸ்கிஸ் 15 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார், கிரிவெல்லாரோவும் சாங்டேவும் ஆளுக்கு 7. அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் லீக்கில் முதலிடம் பிடித்த கோவாவை 4-1 என்று அடித்தபோது நான்கு கோலையும் நான்கு பேர் அடித்தார்கள், நான்கும் இரண்டாம் பாதியில். இரண்டாவது ஆட்டத்தில் 2-4 என்று தோற்றாலும், இரண்டையும் கூட்டி மொத்தத்தில் 6-5 என்று இறுதிக்குப் போனார்கள். இறுதிப் போட்டி மார்ச் 14, கொரோனாவால் ஆள் இல்லாத மைதானம், ஏடிகேவிடம் 1-3 தோல்வி. வலித்தது, ஆனால் டிசம்பரில் யாரும் எதிர்பார்க்காத இடம் அது.

[திரையில்: இரண்டு அணி, மூன்று எண்கள். 17, 21, 42]

இதற்கப்புறம் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கே போனார். 2020-21 சீசனில் சென்னையின் அணி 20 ஆட்டத்தில் 17 கோல். பார்த்தீர்களா, கோச் போனதும் கோல் போச்சு என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஸ்ட்ரைக்கரும் போய்விட்டார், கிரிவெல்லாரோ காயத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பக்கம், அதே சீசனில் காய்லின் ஜாம்ஷெட்பூர் 20 ஆட்டத்தில் 21 கோல்தான். கோச்சும் அதே ஆள், ஸ்ட்ரைக்கரும் அதே ஆள், ஆனால் நடுவில் திரும்பிப் பந்து கொடுக்க ஒரு கிரிவெல்லாரோ இல்லை.

அடுத்த சீசனில் ஸ்காட்லாந்துக்காரர் கிரெக் ஸ்டீவர்ட் ஜாம்ஷெட்பூருக்கு வந்தார். 10 கோல் அடித்தார், 10 கோலுக்குப் பந்து கொடுத்தார். ஜாம்ஷெட்பூர் 20 ஆட்டத்தில் 42 கோல், லீக்கில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான ஷீல்டும் அவர்களுக்கே. அந்த சீசனின் பாதியில், ஜனவரியில், வால்ஸ்கிஸ் சென்னைக்கே திரும்பிவிட்டார். அவர் இடத்துக்கு டேனியல் சீமா வந்தார். ஸ்ட்ரைக்கர் மாறியும் ஜாம்ஷெட்பூரின் கோல் நிற்கவில்லை. காய்லின் முறைக்கு உயிர் அந்தப் பத்தாம் நம்பர் ஆள்தான், அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று பந்து கொடுப்பவர்தான் என்பது இதிலிருந்து எனக்குத் தெரிவது. அந்த ஆள் இருந்தால், அவரைச் சுற்றி மற்றவர்களை ஓட வைக்கக் காய்லுக்குத் தெரியும்.

[திரையில்: காலை வெயில், மண் மைதானம், கூம்புகள்]

வேலூரில் நேதாஜி ஸ்டேடியத்திலோ காட்பாடிப் பக்கமோ காலையில் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் கோச்சுகளுக்கு ஒரு பயிற்சி. பாதி மைதானம் எடுங்கள். தாக்க ஆறு பேர், தடுக்க நான்கு பேர், ஒரு கோல்கீப்பர். நடுவில் கூம்பு வைத்து ஒரு சின்னக் கட்டம். பந்து ஒரு முறையாவது அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் பையனிடம் போய் வந்தால்தான் கோல் செல்லும். அவன் பந்தைத் தொடுவதற்கு முன்பே இரண்டு பேர் பாக்ஸை நோக்கிக் கிளம்பியிருக்க வேண்டும், இல்லையென்றால் விசில், மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் விசில் ஊதியே வாய் வலிக்கும். ஓரத்து ஆள் பந்து கிடைத்ததும் தலையைக் குனிந்துகொண்டு கார்னர் கொடி வரைக்கும் ஓடுவான், அந்தப் பழக்கம் லேசில் போகாது. போகப் போக, பந்து கட்டத்துக்குள் வரும் முன்பே எத்தனை பேர் ஓடத் தொடங்குகிறார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். அடித்த கோலை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.