பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் விண்ணப்பக் காலமும்

நேயர்களுக்கு வணக்கம். நான் கடலூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மே மாதம் வந்துவிட்டால் எங்கள் பள்ளியின் கணினி அறை கல்லூரி விண்ணப்ப அறையாக மாறிவிடும். பிள்ளைகள், அம்மாக்கள், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த அப்பாக்கள் என்று கூட்டமாக இருக்கும். எந்தப் படிப்பு எடுப்பது என்பதில் குடும்பங்கள் அளவுக்கு மீறிப் பயப்படுவதை அங்கே பார்க்கிறேன். ஆனால் சான்றிதழ், கடைசித் தேதி இவற்றைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. எடுத்த படிப்பிலிருந்து வேறு பக்கம் திரும்பப் பல வழிகள் இருக்கின்றன. தேதி போய்விட்டால் அந்த வருடம் போனதுதான்.

காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறினால் போய்விடும் தூரம். மத்தியப் பல்கலைக்கழகம். பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே சேர 2022 முதல் க்யூட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி எப்போதோ முடிந்திருக்கும். நீட் தேர்வும் அப்படித்தான். பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இந்தத் தேதிகளையும் நினைவில் வைத்திருக்க முடியாது. அந்த வேலையைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் படிக்காதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்றிதழ், எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கடந்து வருபவை. ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். மார்ச்சிலேயே வாங்கி வைத்தால் அந்த நெருக்கடி இல்லை. அக்கா ஏற்கெனவே முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்கு அது கிடையாது, இதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆதாரில் ஓர் இனிஷியலும் மதிப்பெண் பட்டியலில் வேறு இனிஷியலும் இருந்தால் இப்போதே திருத்தச் சொல்லுங்கள். இன்னொன்று, போன் எண். விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்பா கடலுக்குப் போயிருப்பார், போனும் அவரோடு போயிருக்கும். ஓ.டி.பி. வரும்போது கையில் போன் இருக்காது. வீட்டில் இருப்பவர் எண்ணையே கொடுங்கள்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் ரெட்டிச்சாவடியில் வீடு, புதுச்சேரிப் பகுதியில் பள்ளி என்று படிக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021-இலும் வந்தது. பொறியியலில் இந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஆனால் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் எல்லை தாண்டிப் போய்ப் படித்துவிட்டு வந்தால் அந்த உரிமை போய்விடும். புதுச்சேரியில் சேர்க்கை சென்டாக் என்ற அரசுச் சேர்க்கைக் குழு வழியாக நடக்கிறது, அங்கே குடியிருப்புக்குத் தனி விதிகள். பள்ளி மாற்றும்போது பஸ் வசதியைப் பார்க்கும் பெற்றோர் இதையும் பார்க்க வேண்டும்.

சரி, பொறியியல் கலந்தாய்வுக்கு வருவோம். மொத்தம் 600 மதிப்பெண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கணக்கு முழுதாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200-க்குத்தான் கட் ஆஃப். கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 என்றால் 80, 35, 38 கூட்டி 153. தமிழ், ஆங்கில மதிப்பெண் இதில் சேராது.

கல்லூரி, பாடப்பிரிவு வரிசையைப் பதியும் இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். “கிடைக்காத காலேஜை மேலே போட்டால் கிடைக்கிறதும் போயிடும் மிஸ்” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது சொல்வார்கள். அது தவறு. தரவரிசையில் உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருவார்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போவார்கள், அவ்வளவுதான். ஆகவே உண்மையிலேயே பிடித்ததை மேலே வையுங்கள். பிடிக்காததைப் பாதுகாப்புக்கு என்று முதலில் வைத்தால் அதுதான் கிடைக்கும், அப்புறம் கீழே இருக்கும் ஆசைக்கு வேலையே இல்லை. ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் இருப்பதால் பெயரோடு கல்லூரி எண்ணையும் சரிபார்க்க வேண்டும். இடம் ஒதுக்கியதும் இணையத்தில் சம்மதம் தெரிவிக்கச் சில நாள்களே உண்டு. இடம் வந்துவிட்டதே என்று கோயிலுக்குப் போய்விட்டு, சம்மதம் தராமல் இடத்தை இழந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் அழுத அழுகையை மறக்க முடியவில்லை.

அந்தப் பட்டியலைப் பிள்ளையே தட்டட்டும். பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி கேளுங்கள், ஆனால் கையைப் பிடித்து எழுத வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி. கம்பெனிக்குப் போனது உங்கள் பெண் கணினி அறிவியல் எடுக்கப் போதுமான காரணம் ஆகாது.

பொறியியல் கிடைக்காவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று நினைப்பவர்களுக்கு: பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதை முடித்து இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ.-யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம் முடித்தவருக்கும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு திறந்திருக்கிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.-யில் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களைப் பழகுநர்களாக எடுத்து உதவித்தொகையோடு பயிற்சி தருகிறார்கள். அது நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் கையில் தொழில் ஏறும். தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எல்லாம் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீனவர் வாரிசுகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கடலூர் கரையில் எத்தனை வீடுகளுக்கு இது தெரியும் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது.

பணம் என்றால், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், 2024 முதல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தாலும் உண்டு. கல்விக் கடனில் 4 லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. கடன் இல்லை என்று வங்கி சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைகள். அவர்களுக்கு அதே வருடம் துணைத் தேர்வு இருக்கிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. துணைத் தேர்வுக்குப் பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம், ஆனால் ரிசல்ட் வந்த சில நாள்களுக்குள் வர வேண்டும். வெட்கப்பட்டு அவர்கள் வருவதில்லை. நாங்கள்தான் வீடு வீடாகப் போன் செய்கிறோம். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், திட்டாமல், ஒருவர் துணைக்கு வந்து பள்ளிக்கு அழைத்துவாருங்கள். மனசு உடைந்து பேசினால் 104 அல்லது 14416 என்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், இரவானாலும் பேசுவார்கள். நன்றி, வணக்கம்.